பாட்டுக்காரர் இல்லாத அல்பம்: கிளிநொச்சி வீட்டு அறையில் ஜாஸ் பியூஷன் கிற்றார் பதிவு செய்வது எப்படி

பெரியப்பா என்னுடைய முதல் பதிவை நாலு நிமிடமும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டார். காத்தவராயன் கூத்துக்கு உடுக்கு அடித்து வளர்ந்த மனிதர். தாளம் அரை மாத்திரை பிசகினாலும் அவர் முகம் மாறிவிடும். அவருக்கே என் வாசிப்பில் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை என்றால் பிழை என்னுடையதுதான். அந்தப் பதிவை ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

அதிலிருந்து இரண்டரை வருடத்தில் ஏழு உருப்படிகள், மொத்தம் 38 நிமிடம். குரல் கிடையாது. எலக்ட்ரிக் கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், இரண்டு உருப்படிகளில் உடுக்கு. பெரும்பகுதி எங்கள் வீட்டுத்திட்ட வீட்டின் பின்னறையில் பதிவானது. நான் பகலில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கிற்றார் பழகியது கோயில் பாடகர் குழுவில். வன்னியில் கிற்றார் பிடிக்கிற அநேகம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அதுதான் தொடக்கம். 2009க்கு முன் என்னிடம் இருந்த நைலோன் கம்பிக் கிற்றார் எங்கே விடுபட்டது என்று தெரியாது. இப்போது இருப்பது பிறகு வாங்கிய எலக்ட்ரிக். இதே போன்ற இடத்திலிருந்து இப்படி ஓர் அல்பம் செய்ய நினைப்பவர்களுக்காக, எனக்கு எது கைகொடுத்தது, எதில் காலம் போனது என்பதை எழுதுகிறேன்.

இந்த இசை எங்களுக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜாஸும் ரொக்கும் கலந்த ஜாஸ் பியூஷன் 1960களின் கடைசியில் அமெரிக்காவில் வடிவம் எடுத்தது. ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் தன் குழுவுக்குள் எலக்ட்ரிக் பியானோவையும் எலக்ட்ரிக் கிற்றாரையும் கொண்டுவந்த காலம் அது. 1969இல் அவருடன் கிற்றார் வாசித்த ஜோன் மக்லாக்லின் பிறகு மகாவிஷ்ணு ஒர்க்கெஸ்ட்ராவையும், 1970களின் நடுவில் சக்தி குழுவையும் அமைத்தார். சக்தியில் ஜாகிர் ஹுசைன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், எல். சங்கர் வயலின். அந்தச் சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 கலவரத்துக்குப் பிறகுதான் குடும்பம் இந்தியா திரும்பியது. உலகம் முழுக்கக் கிற்றார்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்ட அந்த வயலினுக்கும் ஏ9 வீதியின் அடுத்த முனைக்கும் அவ்வளவு கிட்டிய உறவு இருக்கிறது. இது தெரிந்த நாளில் எனக்கு வந்த துணிவு பெரிது.

முதலில் மெட்டு

குரல் இல்லாத இசையில் கேட்பவர் பிடித்துக்கொள்ளச் சொற்கள் இல்லை. அந்த வேலை முழுவதையும் மெட்டுத்தான் செய்ய வேண்டும். பியூஷன் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகிறோம்: வேகமான விரல், சிக்கலான கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), அதற்கு மேலே பேருக்கு ஒரு மெட்டு. என் முதல் பதிவும் அப்படித்தான் இருந்தது.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது நினைவிருக்கும். லப்டொப்பும் இல்லை, அம்ப்பும் இல்லை. அப்போதுதான் கிற்றாரைத் தொடாமல், முற்றத்தில் இருந்து, வாயால் முணுமுணுத்து போனில் பதிந்து வைக்கத் தொடங்கினேன். மொத்தம் 23 துண்டுகள். பதிந்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தேன். ஒரு வாரம் கழித்து எது தானாக நினைவில் வருகிறதோ அதுதான் மெட்டு. 23இல் ஒன்பது நின்றன, கடைசியில் ஏழு. இந்தச் சோதனையை எல்லோருக்கும் சொல்வேன். விரல் பழக்கத்தில் வருவது எது, காதில் தங்குவது எது என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

மெட்டு கிடைத்த பிறகுதான் கோர்ட். கர்நாடக இராகமும் ஜாஸ் கோர்ட்டும் சேரும் இடத்தில் பலருக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு: இராகத்தில் ஆதார ஸட்ஜம் அசையாது, ஜாஸ் இசையிலோ கோர்ட் மாறிக்கொண்டே இருக்கும், இரண்டையும் எப்படிப் பொருத்துவது? எனக்கு வழி திறந்தது கிரகபேதத்தால், அதாவது ஸ்வரங்களை அப்படியே வைத்து ஆதாரத்தை மட்டும் மாற்றுவதால். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி கட்டையில் அதன் ஸ்வரங்கள் சி, டி, ஈ, ஜி, ஏ. மெட்டை இந்த ஐந்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேஸை மட்டும் நகர்த்துங்கள். பேஸ் ஏயில் நின்றால் அதே ஐந்து ஸ்வரங்கள் சுத்த தன்யாசியின் சாயலைத் தரும், டியில் நின்றால் மத்தியமாவதி, ஜியில் சுத்த சாவேரி, ஈயில் ஹிந்தோளம். கிற்றாரில் இதற்கான கோர்ட்கள் எளிமையானவை: சி சிக்ஸ் நைன், ஏ மைனர் செவன், டி செவன் சஸ், ஜி சஸ். ஒன்றிலும் மோகனத்துக்கு வெளியே ஒரு ஸ்வரம் கிடையாது. அப்புறம் ஓரிடத்தில் மட்டும் பேஸை எஃப்புக்கு இறக்குங்கள். எஃப் மோகனத்தில் இல்லை. மெட்டு அதைத் தொடவும் இல்லை. ஆனாலும் பூட்டியிருந்த வீட்டில் யன்னல் திறந்தது போல் இருக்கும். என் அல்பத்தின் முதல் உருப்படி முழுக்க இந்த ஒரு யோசனைதான். கேட்கிறவர்களுக்கு மெட்டு மாறவே இல்லை, நிலம் மட்டும் காலுக்குக் கீழே மாறுகிறது.

மேளகர்த்தாக்களில், அதாவது ஏழு ஸ்வரத் தாய் இராகங்களில், சில ஜாஸ்காரருக்கு ஏற்கெனவே பழக்கமானவை. கரகரப்பிரியா அவர்களுடைய டோரியன், ஹரிகாம்போதி மிக்சோலிடியன், கல்யாணி லிடியன், கௌரிமனோகரி மெலோடிக் மைனர். வாசஸ்பதி எனக்கு மிகவும் பிடித்தது. சியிலிருந்து தொடங்கினால் சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃப்ளாட். சி செவன் ஷார்ப் லெவன் கோர்ட்டின் மேல் அப்படியே உட்காரும். ஆனால் ஸ்வரங்கள் ஒன்றாக இருப்பதால் இராகம் வந்துவிடாது. கரகரப்பிரியாவை டோரியன் ஸ்கேலாக மேலும் கீழும் ஓட்டினால் அது டோரியன்தான். எந்த ஸ்வரத்தில் நிற்கிறோம், எதை அசைத்துப் பிடிக்கிறோம் என்பதில்தான் இராகம் இருக்கிறது.

அதனால் கமகத்துக்கு, அதாவது அந்த அசைவுக்கு, விரலைத் தயார்ப்படுத்த வேண்டும். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உள்ள வாத்தியத்தில் இழுப்பு, சறுக்கல் இரண்டும்தான் வழி. மக்லாக்லின் சக்திக்காக ஃப்ரெட்களுக்கு இடையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிற்றார் ஒன்றை வாசித்தார். விரல் மரத்தில் உரசாமல் கம்பியை ஆழமாக அழுத்தி ஸ்வரத்தை அசைக்க அது இடம் தரும். என் கிற்றாரைச் செதுக்க எனக்கு மனம் வரவில்லை. 10 என்ற தடிப்பில் இருந்த கம்பித் தொகுதிக்குப் பதில் 9 என்ற மெல்லிய தொகுதி போட்டேன், அரைக் கட்டை சுருதி இறக்கினேன், இழுப்பு இலகுவானது. இழுக்கும்போது மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரு விரல்களையும் துணைக்கு வையுங்கள். முக்கியமாக, இழுத்துச் சேர வேண்டிய ஸ்வரத்தை முதலில் வாயால் பாடுங்கள். பாடாமல் இழுத்தால் கை தனக்கு வசதியான இடத்தில் நின்றுவிடும்.

ஏழும் பத்தொன்பதும்

தாளத்தில் பெரியப்பாதான் என் ஆசிரியர். மிஸ்ர சாபு என்று பெயர் சொல்லி அவர் படிப்பிக்கவில்லை. "தகிட தகதிமி" என்று கதிரைக் கையில் தட்டிக் காட்டினார். மூன்றும் நாலும் ஏழு. பியூஷனில் 7/8 என்றால் பலர் எண்ணிக்கொண்டே வாசிப்பார்கள், கேட்பவருக்கும் எண்ணுவது கேட்கும். சொற்கட்டைச் சொல்லியபடி இரண்டு நாள் வீட்டு வேலை செய்தால் ஏழு நடையாகிவிடும். நான் தேங்காய் துருவும்போது பழகினேன்.

தனி வாசிப்பை முடிக்கத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு மோராவைவிட நல்ல கருவி இல்லை. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்துச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், இறங்குவது. கணக்கு இப்படி: "ததிகிணதொம்" ஐந்து எழுத்து; இடையில் இரண்டு எழுத்து வெறுமை. 5+2+5+2+5, மொத்தம் 19. நாலு அடி கொண்ட இரண்டு பார்களில் (தாள வட்டங்களில்), ஓர் அடிக்கு நாலாக, பதினாறாம் பங்கு 32 இருக்கின்றன; ஒரு பங்குக்கு ஓர் எழுத்து. 32இலிருந்து 19 போக 13. ஆகவே முதல் பாரில் மூன்று அடி முடிந்து, நாலாவது அடியின் இரண்டாவது பங்கில் தொடங்கினால், கடைசி எழுத்து முடிந்த அடுத்த கணம் சமம். ட்ரம்ஸ்காரரும் பேஸும் அதே 19ஐ உங்களோடு சேர்ந்து அடித்தால் கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். மேசையில் தட்டித் தாங்களாகவே 7+2 ஒன்று செய்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு அல்பத்தில் மோரா மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். நான்காவது தடவை அது எப்போது வரும் என்று கேட்பவருக்கே தெரிந்துவிடும்.

அறையும் கரண்டும்

வீட்டுத்திட்ட வீட்டின் அறை சின்னது, சீமெந்துச் சுவர், சீமெந்துத் தரை. கை தட்டினால் கிணற்றுக்குள் தட்டியது போல் கேட்கும். இரண்டு தும்பு மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தேன், தரையில் பாயும் அதன்மேல் பழைய போர்வைகளும். உயர்ந்த சத்தத்தின் எதிரொலி போய்விட்டது. தாழ்ந்த முழக்கம் மூலைகளில் நின்றது. அதற்கு மூலைகளில் கனமான மூட்டைகள் வேண்டும். காலபோக அறுவடை முடிந்த நேரம் என்பதால் நெல் மூட்டைகளை அடுக்கினேன். முழக்கம் உண்மையாகவே குறைந்தது. ஆனால் எலி வந்தது, வந்ததோடு நிற்காமல் மைக் வயரையும் கடித்தது. பிறகு ஆலையில் உமி வாங்கி மூட்டை கட்டினேன். நெல்லின் கனம் அதில் இல்லைதான். பதிலுக்கு மூட்டைகளை இரட்டையாகக் கட்டிக் கூரை வரை அடுக்க முடிந்தது. தாராளமாகச் செய்யலாம், செலவு மிகக் குறைவு.

தகரக் கூரை என்றால் மழைக்காலத்தில் மைக் வைத்துப் பதிவதை மறந்துவிடுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நான் கிற்றாரை நேரே இன்டர்பேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டியில்) செருகி மட்டும் பதிந்தேன். மற்ற மாதங்களில் இரவு 11க்கும் விடியப்புறம் 4க்கும் இடையில்தான் அம்ப் முன்னால் மைக் வைப்பேன். நாலரைக்கு மேல் மயில் அகவத் தொடங்கும், பிறகு கோயில் ஒலிபெருக்கி, பிறகு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பிறகு பாண் ஓட்டோ. அந்தச் சத்தங்களோடு சண்டை பிடிக்க வேண்டாம், நேரத்தை மாற்றிக்கொள்வதுதான் வழி.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே கிற்றார் பதிபவர்கள் அதிகம் அவதிப்படுவது இதில்தான். எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருளாக உள்ள கிற்றாரில் அந்த 50உம் அதன் மடங்கான 100உம் இரைச்சலாக ஏறும். ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒற்றைச் சுருள்தான் இருக்கிறதென்றால், பதிவதற்கு முன் கிற்றாரோடு கதிரையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகக் குறையும். அந்தக் கோணத்தில் தரையில் சோக்கட்டியால் அடையாளம் போட்டேன். எல்ஈடி பல்ப், போன் சார்ஜர் எல்லாம் நிறுத்துங்கள். லப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மீதி எர்த். எங்கள் வீட்டில் ஆடி, ஆவணியில் இரைச்சல் கூடி மாரியில் குறைந்தது. வெகுகாலம் காரணம் விளங்கவில்லை. நிலம் காய்ந்தால் எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் தடை கூடும் என்பதைக் கடைசியில் வயறிங் செய்கிற அண்ணை ஒருவர் வந்து அளந்து காட்டினார். இன்னொரு கம்பி ஆழமாக இறக்கி, சுற்றிலும் தண்ணீர் விட்டோம். இரைச்சல் இறங்கியது. சிலர் இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை முறித்துவிடச் சொல்வார்கள். அதைச் செய்யவே வேண்டாம். கம்பியில் கையும் மைக்கில் வாயும் இருக்கும் வேலை இது. எர்த் இல்லாத அம்ப் ஆளைக் கொல்லும்.

ஈரப்பதன் கம்பியைத் தின்னும். மழைக்காலத்தில் மூன்று வாரத்தில் கம்பி துருப்பிடித்து ஒலி மங்கிவிடும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடையுங்கள். ஒரு உருப்படியை ஒரே கம்பித் தொகுதியில் முடியுங்கள். பாதியில் மாற்றினால் சத்தம் ஒட்டாது.

பதிவுக் கணக்குகள்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. இரண்டு வழி இன்டர்பேஸ் ஒன்று போதும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். அதிக சத்தம் வரும் இடம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். பஃபர் (கணினி ஒரு தடவையில் எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128 என்றால் 128ஐ 48,000ஆல் வகுக்க 2.7 மில்லிசெக்கன் தாமதம், போக ஒன்று, வர ஒன்று என்று அது இரட்டிக்கும், அப்போதும் விரலுக்குத் தெரியாது. மென்பொருளுக்கு நான் ரீப்பர் வைத்திருக்கிறேன்: 60 நாள் சோதனை, பிறகு தனியாளுக்கு 60 டொலர். பழைய லப்டொப்பிலும் ஓடுகிறது. மைக் ஷுவர் எஸ்எம்57. ஸ்பீக்கரின் நடுவுக்கு நேரே வைத்தால் சத்தம் கூர்மையாகும், ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மென்மையாகும். நான் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் இரண்டு அங்குலத் தூரத்தில் வைக்கிறேன். மைக் பதியும் அதே நேரத்தில் அம்ப்புக்குப் போகாத நேர்ச் சத்தத்தையும் இன்னொரு ட்ராக்கில் எடுத்து வையுங்கள். பின்னால் அம்ப் ஒலி பிடிக்காவிட்டால் திரும்ப வாசிக்கத் தேவையில்லை.

ஒரே அறையில் இல்லாதவர்கள்

ஜாஸ் உரையாடல். ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி சொல்ல வேண்டும். எங்கள் குழுவிலோ நான் கிளிநொச்சியில், ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி வவுனியாவில், பேஸ் அண்ணை ரொறன்ரோவில். அங்கே பனிக்காலத்தில் எங்களுக்கும் அவருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். முதல் இரண்டு உருப்படிகளை வழக்கமான முறையில் செய்தோம்: கிளிக் (தாளம் காட்டும் டிக் ஒலி) போட்டு நான் முழுதும் வாசித்து அனுப்ப, அவர்கள் மேலே வாசித்தார்கள். சுத்தமாக இருந்தது, உயிர் இல்லை. மூன்று பேர் மூன்று அறையில் சுவரைப் பார்த்துப் பேசியது போல இருந்தது.

பிறகு இப்படி மாற்றினோம். நான் முதலில் மெட்டையும் ஒரு தற்காலிகத் தனி வாசிப்பையும் அனுப்புவேன். அதில் வேண்டுமென்றே இடம் விடுவேன்; இரண்டு வரி வாசித்து ஒரு வரி சும்மா இருப்பேன். தம்பி அந்த வெறுமைகளில் தன் மறுமொழியைப் போடுவார். பேஸ் அண்ணை இருவரையும் கேட்டு வாசிப்பார். இரண்டும் என்னிடம் திரும்பி வந்ததும் என் தற்காலிக வாசிப்பை அழித்துவிட்டு, அவர்கள் சொன்னதற்குப் பதில் சொல்லும் விதமாகப் புதிதாக வாசிப்பேன். தம்பி அழிந்துபோன ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லியிருப்பார், நான் அவருடைய பதிலுக்குப் பதில் சொல்வேன். அந்த உரையாடலின் பாதி அல்பத்தில் இல்லை. ஆனாலும் கேட்பவர்களுக்கு மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. இந்த ஒரு மாற்றம் எங்கள் அல்பத்தைக் காப்பாற்றியது.

கோப்புகளை அனுப்பும்போது எல்லா ட்ராக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்கட்டும்; வாசிப்பு மூன்றாம் நிமிடத்தில் வந்தாலும் சரி. கோப்பின் பெயரிலேயே வேகத்தையும் தாளத்தையும் எழுதுங்கள். வேகம் மாறும் உருப்படி என்றால் கிளிக் ட்ராக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.

ட்ரம்ஸ் வவுனியாவில் ஒரு ஆலய மண்டபத்தில் நாலு மைக்கில் பதிவானது: கிக், ஸ்னேர், மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் பிடித்து அளந்தோம். தூரம் பிசகினால் ஸ்னேர் சத்தம் மெலிந்துவிடும். உடுக்கு மட்டும் எங்கள் வீட்டுப் பின்னறையில். அதன் தோல் சூட்டுக்கும் குளிருக்கும் சுருதி மாறும் என்பதால் பெரியப்பா ஒவ்வொரு தடவையும் விரலால் தட்டிப் பார்த்து, கயிற்றைப் பிடித்து நெரித்துப் பார்த்துவிட்டே தொடங்குவார். அவருக்குக் கிளிக் பிடிக்கவில்லை. ஹெட்போனில் "டிக் டிக்" கேட்டதும் கையை எடுத்துவிட்டார். பேஸ் வரியை மட்டும் போட்டோம். அதோடு நடந்து போய்விட்டார்.

என் தனி வாசிப்பை ஓர் இரவில் மூன்று தடவைக்கு மேல் பதிவதில்லை. அதற்குப் பிறகு வருவது விரல் மட்டும். மூன்றிலும் நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டலாம், ஆனால் நீளமான துண்டுகளாக. ஸ்வரம் ஸ்வரமாக ஒட்டி ஒரு முழுமையான வாசிப்பை உருவாக்கிப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை, மூச்சும் இல்லை.

ஒரு இழப்பு

2023 கடைசியில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று திடீரென்று திறக்க மறுத்தது. இரண்டு உருப்படிகளின் கலவையும் ஒரு உருப்படியின் ட்ரம்ஸும் அதில் மட்டுமே இருந்தன. தம்பி தன் போனிலும் லப்டொப்பிலும் இடமில்லாமல் அவற்றை முன்பே அழித்திருந்தார். திரும்பவும் மண்டபம், திரும்பவும் நாலு மைக், திரும்பவும் நூல். இழந்தது நாலு மாதம். இப்போது எல்லாம் மூன்று பிரதி: ஒன்று லப்டொப்பில், ஒன்று டிஸ்க்கில், ஒன்று வவுனியாவில் அக்கா வீட்டில். மாதம் ஒரு முறை பஸ்ஸில் போகும்போது டிஸ்க்கை மாற்றிக் கொண்டு வருவேன். எங்கள் இணைய வேகத்தில் முழு அல்பத்தின் கோப்புகளையும் மேலேற்றுவதைவிட அது விரைவு.

கலவை

நல்ல ஸ்பீக்கர் இல்லாமல் ஹெட்போனில் கலந்தால் தாழ்ந்த சத்தத்தில் ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்தேன். பேஸ் அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், அண்ணாவின் வான் வண்டியில் போட்டபோது கதவு அதிர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கலவையையும் நாலு இடத்தில் கேட்டேன்: ஹெட்போன், வான், அம்மாவின் போன், பள்ளிக்கூடத்துச் சின்ன ஸ்பீக்கர். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டத்தட்ட மறைந்துபோகும்; பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டோர்ஷன் சேர்த்தால் மேல் ஒலிகள் உண்டாகி அதன் மெட்டு போனிலும் கேட்கும். எங்கள் ஊரில் இசை கேட்பது பெரும்பாலும் போனில் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

பாட்டுக்காரர் இல்லாததால் குரலின் இடம் கிற்றாருக்கு. மற்ற எதுவும் அதே உயரத்தில் நிற்கக் கூடாது. மெட்டு வரும் இடங்களில் கோர்ட் வாசிக்கும் கிற்றாரின் நடு ஒலியைக் குறைத்தேன். சில இடங்களில் அந்தக் கிற்றாரையே எடுத்துவிட்டேன். எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கத் தோன்றாத ஒவ்வொன்றும் முதலிலேயே தேவையற்றது. டிலே (பிந்தி வரும் எதிரொலி) போடும்போது 60,000ஐ வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்துக்கொள்ளுங்கள்: 96 வேகத்தில் ஓர் அடி 625 மில்லிசெக்கன், அதன் முக்கால் பங்கு 469. டிலே தாளத்தோடு நடந்தால் கொஞ்சம் போட்டாலே போதும். ரிவேர்ப் அளவோடு. அகலமான சத்தம் வேண்டுமென்று கிற்றார்களை இடமும் வலமும் பிரித்தவர்கள் ஒருமுறை இரு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவில் கேளுங்கள், எது காணாமல் போகிறதென்று தெரியும்.

பெயரும் வெளியீடும்

சொற்கள் இல்லாத இசையில் பெயர் மட்டும்தான் நீங்கள் தரும் சொல். அவசரத்தில் வைக்காதீர்கள். மோகனத்தில் நிலம் மாறும் உருப்படிக்கு "வான் பாயும் நேரம்" என்று வைத்தேன். இரணைமடுக் குளம் நிறைந்து வான் கதவு திறக்கும்போது பார்த்தவர்களுக்கு விளங்கும். ஏழில் நடக்கும் உருப்படிக்கு "முறிகண்டியில் இறங்கி". பஸ் நிற்க, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுகிற அந்த அவசரம் மூன்றும் நாலுமாக இருக்கிறது.

வெளியீட்டுக்கு முந்திய கடைசி ஒலிச் சீராக்கலான மாஸ்டரிங்கை வேறொரு காதிடம் கொடுங்கள். நான் கொழும்பில் ஒருவருக்குக் காசு கொடுத்துச் செய்வித்தேன். ஸ்பொட்டிபை பாட்டுகளை ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துவதால் சத்தத்தை நசுக்கிக் கூட்டுவதில் லாபமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன், அப்படியே செய்து தந்தார்.

விநியோக நிறுவனம் ஒன்றின் மூலம்தான் எல்லாத் தளத்துக்கும் போகும். ஒவ்வொரு பாட்டுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி இலக்கத்தை அவர்களே தருவார்கள். வெளியீட்டு நாளுக்கு நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு எப்படி வரும் என்பதைச் சேருவதற்கு முன் கேட்டு உறுதி செய்யுங்கள். வாசித்த எல்லோருடைய பெயரும் வாத்தியமும் விவரத்தில் இருக்க வேண்டும். உடுக்கு என்று எழுதும் இடத்தில் "பெர்கஷன்" என்று போட்டு முடித்துவிடாதீர்கள்.

மாஸ்டரிங்குக்கு அனுப்புவதற்கு முதல் நாள் பின்னேரம் முழு அல்பத்தையும் பெரியப்பாவுக்குப் போட்டேன். இந்த முறை பாட்டு எப்ப தொடங்கும் என்று கேட்கவில்லை. மூன்றாவது உருப்படி வந்ததும் கதிரைக் கையில் மூன்றும் நாலுமாகத் தட்டத் தொடங்கினார். ஓரிடத்தில் கை நின்றது. "இதில நீ முந்திற்றாய் பிள்ளை" என்றார். எனக்குக் கேட்கவில்லை. இரவு கோப்பைத் திறந்து அந்த இடத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தனி வாசிப்பு முடிந்து மெட்டுக்குத் திரும்பும் முதல் ஸ்வரம், தாளத்துக்கு 40 மில்லிசெக்கன் முந்தி நின்றது. அதை நகர்த்தாமல், அம்ப்பைப் போட்டு, அந்த இரண்டு வரியையும் திரும்ப வாசித்தேன். மூன்றாவது தடவையில் சரியாக உட்கார்ந்தது. மணி 3:40. மயில் எழும்ப இன்னும் நேரம் இருந்தது.